பழைய செயலாளர் விழுந்தது நியாயத்தீர்ப்பா, வயசா?

குழித்துறைக்காரன்:
போன ஞாயிறு எங்கள் சபையில் தானியேல் 5ஆம் அதிகாரம் பிரசங்கம். பெல்ஷாத்சார் ராஜா எருசலேம் ஆலயத்துப் பாத்திரங்களில் திராட்சரசம் குடிக்கிறான், கைவிரல்கள் தோன்றிச் சுவரில் எழுதுகின்றன, அன்று ராத்திரியே கொலையாகிறான். ஆராதனை முடிந்து வெளியே செருப்பு மாட்டும்போதே எல்லார் வாயிலும் எங்கள் பழைய செயலாளர்தான். 19 வருஷம் அவர் சொன்னதுதான் சட்டம். தேர்தலில் தோற்றார், மூன்றாம் மாதம் வாதம் வந்து வலது கை கால் விழுந்துவிட்டது.

இது கர்த்தருடைய தீர்ப்பு என்பது என் கட்சி. எங்கள் பாட்டி இறந்தபோது, சந்தா பாக்கி 3,400 ரூபாய் கட்டாமல் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டக் கூடாது என்றவர் அவர். பாட்டி ஐஸ் பெட்டியில் கிடக்க, அப்பா பக்கத்து வீட்டில் கடன் வாங்கிப் போய் அவர் வீட்டுத் திண்ணையில் நின்று எண்ணிக் கொடுத்தார். அவர் எச்சில் தொட்டு மறுபடியும் எண்ணினார். இப்போது அந்தக் கை அசையவில்லை.

இரணியல் வாத்தியார்:
தம்பி, பாட்டிக்கு நடந்தது அநியாயம்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் லூக்கா 13 வாசித்திருப்பாய். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதிலும் சொல்கிறார். வாதம் ரத்தக் கொதிப்பால் வருகிறது. எனக்கும் கொதிப்பு உண்டு, காலையில் ஒரு மாத்திரை போடுகிறேன். நாளைக்கு நான் விழுந்தால் என்ன கணக்கு எழுதுவாய்?

குழித்துறைக்காரன்:
சாருக்கு லூக்கா 13 என்றால் எனக்கு அப்போஸ்தலர் 12. ஏரோது ராஜா அப்போஸ்தலன் யாக்கோபை வாளால் கொன்றான். ஜனங்கள் ‘இது தேவசத்தம்’ என்று ஆர்ப்பரித்தபோது பேசாமல் ஏற்றுக்கொண்டான். தூதன் அடித்தான், புழுத்துச் செத்தான். அதுவும் வயிற்றுக் கோளாறுதானா?

மேலப்புறம் மருமகள்:
யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸும் அந்தச் சாவை எழுதியிருக்கிறார் அண்ணா. செசரியாவில் வெள்ளி நூல் உடுப்போடு அரங்கத்துக்கு வந்தான், வெயில் பட்டு அது மின்னியது, ஐந்து நாள் வயிற்று வலியில் செத்தான் என்று. ஆனால் அதே 12ஆம் அதிகாரத்தில் யாக்கோபைக் காப்பாற்றத் தூதன் வரவில்லை, சிறையில் இருந்த பேதுருவுக்கு வந்தான். ஏன் என்று அதை எழுதிய லூக்கா ஒரு வரியும் சொல்லவில்லை. அவரே சொல்லாததை நாம் எப்படிச் சொல்வது?

இரணியல் வாத்தியார்:
நம்ம ஊர்க் கதையையே எடுப்போம். திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்த தேவசகாயம் பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக நடத்தினார்கள். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டார்கள். அப்போதைய மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்கு என்ன ஆயிற்று? சுவரில் கை எழுதவில்லை. மேலும் ஆறு வருஷம் ஆண்டு 1758இல்தான் காலமானார். தேவசகாயத்துக்கு 2022 மே 15இல் புனிதர் பட்டம். நடுவில் 270 வருஷம். உன் கணக்குப்படி அந்தத் தீர்ப்பு எந்த மாதம் வந்தது?

இன்னொன்று. மாடும் பயிரும் போய் மனமொடிந்திருந்த தேவசகாயத்துக்கு டிலனாய் சொன்னது யோபுவின் கதை என்பார்கள். குளச்சலில் தோற்றுப் பிடிபட்டு, அதே மன்னருக்குத் தளபதியான டச்சுப் படைக்காரர் அவர். விழுந்தவன் குற்றவாளி என்று அடித்துப் பேசிய யோபுவின் சிநேகிதர்களைக் கடைசியில் கர்த்தர் கண்டித்தார், மறந்துவிடாதே.

குழித்துறைக்காரன்:
அந்த ராஜ்யம் இப்போது எங்கே சார்? பத்மநாபபுரம் அரண்மனை நம்ம மாவட்டத்தில், டிக்கெட் கிழிப்பது கேரளத் தொல்லியல் துறை. உதயகிரிக் கோட்டையில் மான் நிற்கிறது. இதைவிட என்ன தீர்ப்பு வேண்டும்?

ஷீட்டுக்கடை:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கணும். ரப்பர் ஷீட் வாங்கும் கடைக்காரன் நான், எனக்குத் தெரிந்தது தராசு மட்டும். அந்தச் சுவர் எழுத்து மெனே, தெக்கேல், உப்பார்சின் மூன்றுமே எடைக்கல் பேர்கள் என்று எங்கள் போதகர் சொன்னார். மினா, சேக்கல், அரை மினா. கடையில் எழுதும் சிட்டை போலத்தான். ‘நீ தராசிலே நிறுக்கப்பட்டு, குறையக் காணப்பட்டாய்’ என்று தானியேல் தெக்கேலுக்கு அர்த்தம் சொன்னான்.

ஒட்டுப்பால் (ரப்பர் மரத்தில் ஒட்டி உறைந்த பால்) கொண்டுவருகிறவன் சாக்கைத் தூக்க முடியாமல் தூக்கிவந்து வைப்பான். பிழிந்தால் பாதி தண்ணீர். ஈரத்துக்குக் கழித்துத்தான் காசு. ஆனால் கழிப்பதற்கு முதலில் சாக்கு தராசில் ஏற வேண்டும். பக்கத்துக் கடைக்காரன் திண்ணையில் இருந்துகொண்டு ‘இது முப்பது கிலோ வராது’ என்று சிரித்தால் அது எடை இல்லை.

மேலப்புறம் மருமகள்:
நான் ஒன்று கேட்கணும். தானியேல் ராஜாவிடம் எப்போது சொன்னான்? ஆயிரம் பிரபுக்கள் முன்னால், கிண்ணம் கையில் இருக்கும்போதே. ‘உம்முடைய வெகுமானங்கள் உம்மிடத்தில் இருக்கட்டும்’ என்றான். (ராஜா விடாமல் ரத்தாம்பர உடுப்பும் பொற்சங்கிலியும் போட்டு மூன்றாம் அதிபதி ஆக்கினான். விடியுமுன் ராஜாவே இல்லை!) நம்ம சபையில் 19 வருஷம் பொதுக்குழுவில் ஒருத்தராவது எழுந்தோமா? நானும்தான். சபை விருந்தான அசனத்தில் அவர் வீட்டுக்கு முதல் பந்தியில் இடம் போட்டது நாங்கள். இப்போது அவர் பேச முடியாமல் கிடக்கும்போது எல்லாரும் தானியேல்.

குழித்துறைக்காரன்:
எழுந்திருந்தால் பாட்டியை எங்கே அடக்குவோம்? அப்பா சாகும்வரை அந்த ஆளுக்கு ஸ்தோத்திரம் சொன்னார், கல்லறை அவர் சாவியில் இருந்ததால். தானியேலுக்குப் புதைக்க இடம் தேட வேண்டிய கவலை இல்லை. கடவுள் அடித்தார் என்று சொல்வது மட்டும்தான் எங்களுக்கு மிச்சம். அதையும் பிடுங்காதீர்கள்.

இரணியல் வாத்தியார்:
இதற்கு என்னிடம் வசனம் இல்லை தம்பி.

ஷீட்டுக்கடை:
புதிய கமிட்டி அந்தச் சந்தா விதியை எடுத்துவிட்டதா?

குழித்துறைக்காரன்:
இல்லை. தொகையைக் கூட்டியிருக்கிறார்கள்.

மேலப்புறம் மருமகள்:
அப்படியானால் அடுத்த பொதுக்குழுவில் நான் எழுந்திருக்கிறேன். அண்ணன் பின்னால் எழுந்தால் போதும். இந்த ஞாயிறு மதியம் அவரைப் பார்க்கவும் போகிறேன், அவர் சம்சாரம் தனியாகத்தான் புரட்டிப் போடுகிறார்கள். வண்டியில் இடம் இருக்கிறது.

குழித்துறைக்காரன்:
பொதுக்குழுவுக்கு வருகிறேன். அந்தத் திண்ணைக்கு வரமாட்டேன்.