காட்டில் ஒன்று, புல்வெளியில் ஒன்று: எந்த வயலட்?

கேள்வி (மழைக்கால்):
மரநிழலில் ஒரு காட்டு வயலட், சற்றுத் தள்ளித் திறந்த புல்வெளியில் இன்னொன்று. இரண்டுமே ஊதா, இரண்டுக்கும் இதய வடிவ இலை. செயலியில் படம் போட்டால் தடவைக்கு ஒரு பெயர் வருகிறது. எதைப் பார்த்துப் பிரிப்பது?

பதில் (புல்நுனி):
எல்லாப் படமும் பூவின் முகம். வயலட்டுக்கு அடையாளமே முதுகுப்பக்கம்தான்! கிள்ள வேண்டாம், லேசாகச் சாய்த்துப் பாருங்கள். ஐரோப்பிய இனங்களை வைத்துச் சொல்கிறேன். பச்சைப் புல்லி இதழ்களின் நுனி மழுங்கலா? அப்படியென்றால் வயோலா ஒடோராட்டா அல்லது வயோலா ஹிர்ட்டா, இரண்டில் ஒன்று. கூராக இருந்தால் டாக் வயலட் வகை.

கூர் நுனி என்றால், கீழிதழிலிருந்து பின்னால் நீளும் தேன்பையைக் கவனியுங்கள். பை வெளிறி, தடித்து, நுனியில் சின்னப் பள்ளத்தோடு இருந்தால் வயோலா ரிவினியானா. ஒல்லியாக, இதழைவிட அடர்நிறமாக, பள்ளமில்லாமல் இருந்தால் வயோலா ரைக்கன்பாக்கியானா. இது கொஞ்சம் முந்தியே பூத்துவிடும்.

மழைக்கால்:
காட்டுச் செடியில் கூர் நுனி, பை கிட்டத்தட்ட வெள்ளை, நுனியில் பள்ளமும் உண்டு. புல்வெளிச் செடியில் மழுங்கல் நுனி, இலைக்காம்பில் ரோமம். வாசனைதான் குழப்புகிறது: முதலில் வந்தது, அப்புறம் காணோம்.

புல்நுனி:
முதலாவது ரிவினியானா. இரண்டாவதுக்கு அந்த வாசனையே நல்ல துப்பு. ஒடோராட்டாவின் மணத்திலுள்ள அயனோன் என்ற வேதிப்பொருள் மூக்கைக் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும். ஹிர்ட்டாவுக்கு மணம் கிடையாது. ஆனாலும் மூக்கை மட்டும் நம்ப வேண்டாம். இலைக்காம்பை லென்ஸில் பாருங்கள்: ரோமம் கீழ்நோக்கிப் படிந்திருந்தால் ஒடோராட்டா, விரிந்து நட்டுக்கொண்டு நின்றால் ஹிர்ட்டா. ஒடோராட்டா மண்மேல் ஓடுதண்டு விட்டுப் பரவும். ஹிர்ட்டா விடாது, சுண்ணாம்பு மண் புல்வெளிகளில் கொத்தாக நிற்கும்.

மழைக்கால்:
ஓடுதண்டு இருக்கிறது, ரோமமும் கீழ்நோக்கித்தான். சரி, ஒடோராட்டா என்றே குறித்துக்கொள்கிறேன். மிக்க நன்றி.

பதில் (நிழல்தரு):
இன்னொன்று. ரிவினியானாவும் ரைக்கன்பாக்கியானாவும் சேர்ந்து வளரும் காட்டில் கலப்பினமும் வரும். பையின் நிறம் இரண்டுங்கெட்டானாக இருந்தால் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். கோடையில் போனால் ஊதாப்பூ இருக்காது. இலைக்கடியில் விரியாத மொட்டுகளே தன் மகரந்தத்தால் விதை கட்டும். அப்போதும் செடியைப் பிடுங்காதீர்கள். ஃப்ரிட்டிலரி வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றின் புழுக்களுக்கு வயலட் இலைதான் சாப்பாடு.