‘க்லாஃப்’: பதனிட்ட தோலா, விசிதோலா?

> யூத மறைநூலான தோராவின் சுருளை எழுதும் ‘க்லாஃப்’ என்ற தோலுக்குத் தமிழில் ‘பதனிட்ட தோல்’ என்று போட்டால் போதாதா?

போதாது ஐயா, பொருளே மாறிவிடும். பதனிடுவது என்றால் துவர்ப்பு ஏற்றித் தோலை இளக்குவது. செருப்புத் தோல் அப்படி வருகிறது. க்லாஃப் வேறு. உண்ணத் தகுந்த விலங்கின் தோலைச் சுண்ணாம்பு நீரில் சில நாள் ஊறவைத்து, மயிர் களைந்து, சட்டத்தில் நாற்புறமும் இழுத்துக் கட்டி, அந்த இழுப்பிலேயே உலரவிட்டுச் சுரண்டுகிறார்கள். அப்போது இழைகள் தளத்துக்கு இணையாகப் படிகின்றன. தோல் தாளாவது அங்கேதான். கட்டாமல் உலர்த்தினால் முறுக்கி விறைத்துப்போகும். பின்னால் ஈரம் ஏறினாலும் நெளியும்.

முரசின் வாரை இறுக இழுத்துக் கட்டுவதைச் சங்கப் பாடல் ‘விசித்த’ என்கிறது. ஆகவே ‘விசிதோல்’ என்று முன்மொழிகிறேன். விவிலியத் தமிழில் ‘தோற்சுருள்’ உண்டுதான். ஆனால் அது வடிவத்தின் பெயர். யூதர்கள் தொழுகையின்போது தலையில் கட்டும் ‘தெஃபில்லின்’ என்ற சிறு பெட்டிக்குள் இருப்பவை நான்கு சிறு துண்டுகள். நமக்கு வேண்டியது பொருளின் பெயர்.

*

> ஆகவே ‘விசிதோல்’ என்று முன்மொழிகிறேன்.

அருமையான சொல், ஏற்கிறேன். கூடவே ‘கெவில்’லுக்கும் சொல் வேண்டும். உப்பு, மாவு, மாசிக்காய் இட்டுப் பதப்படுத்திய முழுத்தோல் அது. ஏமன் யூதர்களின் பழஞ்சுருள்கள் பழுப்பாக இருப்பது இதனால்தான். ‘துவர்தோல்’ எனலாம். எழுதும் பக்கமும் மாறும்: கெவிலில் மயிர்ப்புறம், க்லாஃபில் ஊன்புறம்.

வெண்மைக்காகச் சுண்ணப் பூச்சு இட்ட தோலும் புழக்கத்தில் இருந்தது. அதைப் ‘பூச்சு விசிதோல்’ என்று பிரித்தே காட்டவேண்டும். பூச்சு உதிரும்போது எழுத்தையும் பெயர்த்துக்கொண்டு போகும். 304,805 எழுத்துகளில் ஒன்று சிதைந்தாலும், திருத்தும்வரை அந்தச் சுருளைத் தொழுகையில் வாசிக்கக் கூடாது.

மைக்குப் புதுச்சொல் எதுவும் வேண்டாம். மாசிக்காய், அன்னபேதி (இரும்பு உப்பு), வேலம்பிசின் என்ற நாட்டுமருந்துக் கடைப் பெயர்களே அப்படியே பொருந்துகின்றன. அன்னபேதி அளவு மீறினால் கறுப்பு நாளடைவில் செம்பழுப்பாகும். பிசின் மிகுந்தால் சுருட்டும்போது மை வெடித்து உதிரும். கலைச்சொல் குறிப்பில் இந்த இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று. தோல்களை ஒன்றோடொன்று தைக்கும் ‘கீத்’தைப் பட்டியலில் ‘நரம்பு நூல்’ என்று போட்டிருக்கிறோம். அது விலங்கின் தசைநாணை உலர்த்தி, இழை பிரித்துத் திரித்தது. மருத்துவத் தமிழில் நரம்பு என்றால் உணர்வைக் கடத்தும் இழை என்றாகிவிட்டதே, ‘நாண்நூல்’ என்று திருத்தலாமா?