தனித்திருக்கும் முதியோருக்குத் துணை ரோபோ பயன்படுமா?

கேள்வி (காவேரிப்பட்டணம்):
ஓய்வுபெற்ற ஆசிரியரான என் தந்தைக்கு வயது 78. அம்மா மறைந்தபின் நாளிதழைக்கூட மடிப்புக் கலைக்காமல் திண்ணையிலேயே விட்டுவிடுகிறார். பேச்சுக் கொடுத்து, புதிர் போடும் ரோபோ அவர் மனத்தைச் சுறுசுறுப்பாக வைத்திருக்குமா?

மறுமொழி (பாலக்கோடு):
ஜப்பானில் உருவாகி, 2009இல் அமெரிக்காவில் மருத்துவக் கருவியாக ஏற்கப்பட்ட 'பாரோ' என்னும் சீல் குட்டி ரோபோ, தடவினால் அசைந்து குரல் கொடுத்து, மறதி நோயாளிகளின் பதற்றத்தைத் தணிக்கிறது, புதிர் போடாது. பேசும் கருவி என்றால், நம் பக்கத்துத் தமிழ் அதற்குப் புரிகிறதா என்று அப்பாவையே பேசவைத்துப் பாருங்கள்.

மறுமொழி (பென்னாகரம்):
என் மாமியார் அப்படியொரு கருவியை இரண்டே வாரத்தில் மூலையில் வைத்துவிட்டார்; பேரனோடு பல்லாங்குழி ஆடும்போதோ ஒரு புளியங்கொட்டைகூடக் கணக்குத் தவறுவதில்லை. முதலில் காதையும் மனச்சோர்வையும் மருத்துவரிடம் காட்டுங்கள், ஐயா.

கேட்டவர்:
தொலைக்காட்சியை அவர் அலறவிடுவதன் காரணம் இப்போதுதான் உறைக்கிறது.