உரக்கடையில் ஐந்து கம்ப்யூட்டர், ஒரே கணக்கு: எங்கள் அனுபவம்

மன்னார்குடியில் எங்களுக்கு உரம், விதைக் கடை. முன்னால் பில் போட இரண்டு கம்ப்யூட்டர், உள்ளே கணக்குக்கு இரண்டு, பின்னால் குடோனில் ஒன்று. பில்லிங் மென்பொருளை ஊர்த் தம்பி ஒருவர் மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸில் (பதிவுகளைத் தொகுத்து வைக்கும் டேட்டாபேஸ் மென்பொருள்) எழுதிக் கொடுத்தார். அந்த ஃபைல் கணக்குக் கம்ப்யூட்டரின் ஷேர் ஃபோல்டரில் இருக்கும். மற்ற நான்கும் அதைத் திறந்து வேலை பார்க்கும். ஆறு வருஷம் ஓடியது.

போன சம்பா பட்டத்தில், டிஏபி உரம் வாங்க வாசல் வரை ஆள் நின்ற நாளில், கரண்ட் ஒரு நொடி போய் வந்தது. குடோன் கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து மறுபடி வந்தது. அதற்கப்புறம் எங்கேயும் ஃபைல் திறக்கவில்லை. கடைசியாக நகல் எடுத்து நான்கு நாள் ஆகியிருந்தது. நானும் நாத்தனாரும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து, பில் நகல்களை, உர விற்பனையைப் பதியும் பிஓஎஸ் மெஷின் கணக்கோடு ஒத்துப் பார்த்து, ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினோம். காலையில் விவசாயி வந்து "பாக்கி எவ்வளவும்மா?" என்று கேட்டபோது பதில் சொல்ல முடியாமல் நின்றதுதான் பெரிய வேதனை.

விசாரித்த ஓர் இடத்தில் ஒன்றரை லட்சத்துக்கு சர்வர் (மற்றவை எல்லாம் பொதுவாகப் பயன்படுத்தும் கம்ப்யூட்டர்) கொட்டேஷன் கொடுத்தார்கள். மனசு ஒப்பவில்லை. மென்பொருள் எழுதிய தம்பியையே கூப்பிட்டேன்.

"மெஷின்ல குறை இல்லக்கா. டேட்டாபேஸ ஃபோல்டர்ல வச்சு எல்லாரும் எழுதுறதுதான் குறை" என்றார்.

அவர் விளக்கியது நன்றாகப் புரிந்தது. கணக்கு நோட்டை ஐந்து பேர் ஆளுக்கொரு பக்கமாகப் பிய்த்துக்கொண்டு போய், எழுதிவிட்டுத் திரும்பவும் ஒட்டுகிற மாதிரிதான் எங்கள் ஏற்பாடு. பாதி எழுதும்போது ஒருவர் விழுந்தால் நோட்டே கெட்டுவிடும். டேட்டாபேஸ் சர்வர் என்பது நோட்டைக் கைவிட்டுக் கொடுக்காத கணக்குப்பிள்ளை. எல்லோரும் அவரிடம் சொல்லலாம், கேட்கலாம். எழுதுவது அவர் மட்டும். செய்யப்போவதை முதலில் தனிக் குறிப்பில் எழுதிக்கொள்வதால், நடுவில் கரண்ட் போனாலும் அரைகுறைப் பதிவை அவரே நீக்கிவிடுவார்.

சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டியும் (வேகமான டிஸ்க்) கூடுதல் ராமும் (நினைவகம்) போட்டு, எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் 2022 என்ற டேட்டாபேஸ் சர்வர் மென்பொருளை ஏற்றினோம். அது இலவசம். ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபி வரை போகலாம் (ஆக்ஸஸ் ஃபைலுக்கு 2 ஜிபிதான் எல்லை). எங்கள் ஆறு வருஷக் கணக்கு அரை ஜிபிகூட இல்லை. திரைகள் பழைய ஆக்ஸஸ்தான், டேபிள்கள் (கணக்குப் பதிவுகள்) மட்டும் சர்வருக்கு இடம் மாறின. பில் போடுகிற பெண்களுக்குப் புதிதாக எதுவும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

மிச்சக் காசை யூபிஎஸ்ஸிலும் வயரிலும் போட்டோம். குடோன் முன்பு வைஃபையில் இருந்தது. தகரக் கூரைக்குள் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். இப்போது கேட்6 நெட்வொர்க் கேபிள். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகலாம், எங்களுக்கு 60 போதுமாக இருந்தது. கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சோடு சேர்த்து எல்லாம் 20,000 ரூபாய்க்குள் முடிந்தது.

இதைப் படித்த ஒருவர், கும்பகோணத்திலிருந்து:

அக்கா, எங்களுடையது ஆடிட்டர் அலுவலகம். டேட்டாபேஸ் கிடையாது, எக்ஸெல், ஸ்கேன் செய்த பிடிஎஃப், அவ்வளவுதான். அதற்கு ஃபோல்டர் ஷேரிங்கே போதும். விண்டோஸ் ப்ரோவில் ஒரே நேரத்தில் 20 இணைப்புவரை ஏற்கும். ஆனால் எங்கள் பழைய மெஷின் விண்டோஸ் 11 வாங்காது, விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. அதனால் லினக்ஸும் சாம்பாவும் போட்டோம். (பெயர் நம் சம்பா போலக் காதில் விழும். ஃபோல்டரைப் பகிர விண்டோஸ் பயன்படுத்தும் எஸ்எம்பி முறையை லினக்ஸிலும் பேசவைக்கிற இலவச மென்பொருள்.) ஆளுக்கொரு லாகின் கொடுங்கள். எல்லோருக்கும் திறந்துவிட்ட ஃபோல்டரில் ஒரு பையன் தெரியாமல் ஒரு வாடிக்கையாளரின் முழு வருஷக் கணக்கையும் அழித்துவிட்டான். இரண்டு டிஸ்க் மிரரிங் (ஒன்றில் செய்வதை அப்படியே மற்றதிலும் செய்வது) போட்டிருந்தோம். இரண்டிலும் அதே நொடியில் போய்விட்டது. மிரரிங் டிஸ்க் பழுதைத்தான் தாங்கும், அழித்ததை மீட்டுத் தராது.

இன்னொருவர், திருத்துறைப்பூண்டியிலிருந்து:

அம்மா, யூபிஎஸ் வாங்கியது சரி. நகல் எங்கே வைக்கிறீர்கள்? 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது எங்கள் அரிசி மில் ஆபீஸின் ஓடு பறந்துவிட்டது. கம்ப்யூட்டரும் நகல் எடுத்த டிஸ்க்கும் ஒரே மேஜையில் இருந்தன, இரண்டும் நனைந்தன. ஊருக்குக் கரண்ட் வரவே நாள் கணக்கில் ஆயிற்று. தஞ்சாவூர் ஆடிட்டரிடம் செப்டம்பர் வரை இருந்த பிரதிதான் கைகொடுத்தது. அதற்கப்புறம் நெல் போட்டவர்களுக்கு என்ன தரவேண்டும் என்று அவரவர் சீட்டைப் பார்த்துத்தான் கொடுத்தோம். இப்போது இரண்டு யூஎஸ்பி டிஸ்க். ஒன்று ஆபீஸில், ஒன்று தஞ்சாவூரில் மகள் வீட்டில். வாராவாரம் போகும்போது மாற்றிக்கொண்டு வருகிறேன். கொண்டுவந்ததும் பழைய கணக்கு ஒன்றை அதிலிருந்து திறந்து பார்த்துவிடுவேன்.