கெந்திங் ஏற்றத்தில் மட்டும் சூடேறும் டர்போ என்ஜின்

பத்துமலைக்காரன்:
வணக்கம். என் புரோட்டோன் வீரா காரில் மிட்சுபிஷியின் 4ஜி63 டர்போ என்ஜினைப் பொருத்தி ஓட்டி வருகிறேன். காராக் நெடுஞ்சாலையில் வேகமாகச் சென்றாலும் நீரின் வெப்பம் 90 டிகிரியைத் தாண்டுவதில்லை. மலையடியில் உள்ள கோத்தோங் ஜெயாவிலிருந்து கெந்திங் உச்சிக்கு ஏறும்போதோ 105-ஐத் தொட்டுவிடுகிறது. பெரிய ரேடியேட்டர் மாற்றியும் பயனில்லை. என்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு குழாயில் வெப்பத்துணி சுற்றினால் தீருமா?

செந்தூல் பட்டறைக்காரர்:
தம்பி, நெடுஞ்சாலையில் சூடு ஏறவில்லை என்பதே பாதி விடை. இரண்டாம் கியரில் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) முழுதாக ஏறிய நிலையில் வண்டி மெல்ல ஊரும்போது, காற்றுக்கு விசிறியை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. விசிறியைச் சுற்றிய உறை சரியாக இல்லாவிட்டால், அது தன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதி வழியே மட்டும் காற்றை இழுக்கும். என்ஜின் அறையின் சூடான காற்றும் ஓரத்து இடைவெளிகளில் முன்பக்கம் சுற்றி வந்து மறுபடி உள்ளே போகும். வண்டியை நிறுத்தி, விசிறியை ஓடவிட்டு, ரேடியேட்டரின் முன்முகத்தில் கை நுழையும் இடமெல்லாம் ஒரு தாளை வைத்துப் பாருங்கள். தாள் ஒட்டாத இடத்தில் காற்று போகவில்லை என்று பொருள். நீரோட்டத்தைச் சூட்டுக்கேற்பக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொல்பவர்களும் வருவார்கள், செவிசாய்க்க வேண்டாம்.

பட்டர்வொர்த் வாசகர்:
துணியைப் பற்றி ஒன்று. அது புகையின் வெப்பத்தைக் குழாய்க்குள்ளேயே நிறுத்தி, டர்போவைச் சுழற்றும் டர்பைனுக்கு அனுப்பும், போனட்டுக்குள் சூடும் குறையும். ஆனால் நீருக்குப் பெரும்பகுதிச் சூட்டைக் கொடுப்பவை சிலிண்டர் சுவரும் சிலிண்டர் தலையுமே என்பதால் உங்கள் மீட்டர் பெரிதாக இறங்காது. வெப்பத்தை வெளிவிட முடியாத உலோகம் விரிசல் விடுவதுண்டு. நம் ஊர் மழையில் துணியில் ஈரம் தங்கிக் குழாய் துருப்பிடிக்கும். இடைவெளி விட்டு மாட்டும் தகட்டு மறைப்பே என் தேர்வு. ரோன் 95 பெட்ரோல் ஊற்றுகிறீர்களா? நாக்கிங் (எரிபொருள் கலவை தானாகவே வெடித்து என்ஜின் தட்டுவது) வந்தால், என்ஜினின் கணினியான ஈசியூ தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளும். எரிதல் தாமதமாகி, வேலையாக மாற வேண்டிய வெப்பம் புகையோடு வெளியேறி மேனிஃபோல்டையும் டர்போவையும் சுடும்.

மலைப்பாதை ரசிகர்:
ரேடியேட்டர் மூடியையும் சோதியுங்கள். 1.1 பார் மூடி நன்றாக இருந்தால் 105 டிகிரியில் நீர் கொதிக்காது. அழுத்தம் பிடிக்காத மூடியென்றால், ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரமுள்ள கெந்திங்கில் வெறும் நீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும்.

பத்துமலைக்காரன்:
அனைவருக்கும் நன்றி. மூடி புதியது. தாள் வலது ஓரம் முழுவதும் ஒட்டாமல் விழுந்துவிட்டது. அங்கே உறையே இல்லை. பெட்ரோலையும் ரோன் 97-க்கு மாற்றுகிறேன். உறையைத் தகட்டில் முழுதாக அடைத்துவிடலாமா, அண்ணா?

செந்தூல் பட்டறைக்காரர்:
முழுதாக அடைத்தால் நெடுஞ்சாலை வேகத்தில் அதுவே காற்றைத் தடுக்கும். விசிறி இல்லாத பகுதியில் துளையிட்டு, பின்பக்கம் ரப்பர் மடல்களைத் தொங்கவிடுங்கள்; மெல்லப் போகும்போது விசிறியின் இழுப்பில் மூடிக்கொள்ளும், வேகத்தில் திறந்துகொள்ளும்.