கோடிங் ரவுண்ட் அளக்கிறது திறமையையா, மனப்பாடத்தையா?

பிழைதிருத்தி:
கூகுள், அமேசான் மாதிரி இடங்கள்ல வேலை இன்டர்வியூவுல, 45 நிமிஷத்துக்கு ஒரு ப்ரோக்ராம் கணக்கைக் குடுத்து ஆளை எடை போடுறது வீண். கூகுள்ல மனிதவளத் தலைவரா இருந்த லாஸ்லோ பாக், 2013லயே விமானத்துல எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும்ங்கிற மாதிரி புதிர்களால எதையும் கணிக்க முடியலைன்னு சொல்லிட்டார். புதிர் போச்சு, கோடிங் கணக்குகளைப் போட்டுப் பழகுற தளமான லீட்கோட் வந்துச்சு.

வரிசைமரம்:
அவர் அதே பேட்டியில, எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வெச்சுக் கேட்டா பலன் உண்டுன்னும் சொன்னாரே, அதை ஏன் விட்டுட்டீங்க?

பிழைதிருத்தி:
அது நடத்தை பத்தின கேள்விகளுக்குச் சொன்னது. கோடிங்குக்கு இல்ல.

வரிசைமரம்:
சரி, கோடிங்குக்கே வரேன். "n எண்கள்ல பெரிய k எண்களை எடு." கை உடனே கீபோர்டுக்குப் போனா அங்கேயே மார்க் குறையும். n எவ்வளவு, எல்லாம் மெமரியில அடங்குமா, ஒரே எண் திரும்ப வருமான்னு முதல்ல கேட்கணும். மொத்தமா சார்ட் பண்ணா, அதாவது வரிசைப்படுத்தினா, வேலை சுமார் n log n படி. k அளவுக்கு மட்டும் மின் ஹீப் (min heap, இருக்கிறதுலயே சின்ன எண் எப்பவும் உச்சியில நிக்கிற அமைப்பு) வெச்சா n log k. n பத்து லட்சம், k 10னா, log மதிப்பு 20ல இருந்து மூணு சொச்சமா இறங்குது, மெமரியில நிக்கிறதும் பத்தே எண். நிறைய பேர் சறுக்குற இடம் இதுதான்: "பெரிய"ங்கிற வார்த்தையைப் பார்த்ததும் பெரிய எண் உச்சியில நிக்கிற மேக்ஸ் ஹீப் போட்டு n எண்ணையும் உள்ள தள்ளிடுறாங்க. உச்சியில சின்னது இருந்தாத்தானே புதுசா வர்ற எண்ணை அதோட ஒப்பிட்டு வெளியேத்த முடியும்?

பிழைதிருத்தி:
அழகா இருக்கு. ஆனா ஜாவா நூலகத்துக்கு பைனரி சர்ச் (வரிசையான பட்டியலைப் பாதி பாதியா வெட்டித் தேடுற முறை) எழுதின ஜோஷுவா பிளாக்கே, அதுல பிழை இருக்குன்னு 2006ல எழுதினார். நடு இடத்தைக் கண்டுபிடிக்கிற (low + high) / 2ல கூட்டுத்தொகை, ஜாவா int-ல அடங்குற உச்ச எண்ணான 2,147,483,647ஐத் தாண்டினா எதிர்மறை எண்ணாயிடும். சுமார் ஒன்பது வருஷம் யார் கண்ணுலயும் படலை. 45 நிமிஷத்துல என்னத்தைக் கண்டுபிடிப்பீங்க?

இரவுப்பணி:
ரெண்டு பேரும் கோடிங்லயே நிக்கிறீங்க. அமேசான்ல 16 தலைமைப் பண்புகளை வெச்சுத்தான் பாதிக் கேள்வி. பேனல்ல வேற டீம்ல இருந்து ஒரு பார் ரெய்சர், அதாவது தரம் குறையாம பார்த்துக்கிறவர், உட்காருவார், அவர் ஒத்துக்கலைன்னா மேனேஜர் ஆசைப்பட்டும் பலனில்லை. நம்மாளுங்க அடக்கமா "நாங்க செஞ்சோம்"னே சொல்லுவாங்க. அங்க அது எடுபடாது. சூழல், உங்க பொறுப்பு, நீங்க செஞ்சது, எண்கள்ல சொல்ற விளைவு, இந்த வரிசையில ரெண்டு நிமிஷத்துல முடிங்க. மிச்சத்தை அவங்க குடைஞ்சு எடுப்பாங்க.

பிழைதிருத்தி:
அப்போ ஹீப்புக்குப் பதிலா கதையை மனப்பாடம் பண்ணணும். அவ்வளவுதானே?

வரிசைமரம்:
அடுத்த கேள்வியிலயே அது உடையும். "வேற என்ன வழி யோசிச்சீங்க, அதை ஏன் விட்டீங்க?" கணக்குலயும் அப்படித்தான். k, n-ல பாதின்னு மாத்திக் கேட்டாப் போதும்: log kயும் log nம் ஒண்ணுதான் வித்தியாசம், ஹீப்போட லாபம் காணாமப் போகும். பட்டியலைப் பிரிச்சுத் தேவையான பக்கத்தை மட்டும் தேடுற குவிக்செலக்டுக்கு மாறினா சராசரியா n வேலைதான், ஆனா மொத்தமும் மெமரியில இருக்கணும். ஆரம்பத்துல மெமரி பத்திக் கேட்காதவர் இங்க முழிப்பார்.