புதுப்பிப்பு: ராஸ்பெரி பை 4-இல் எஸ்எஸ்டி ஓடும்போது வைஃபை அறுவது – தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதிதாக வருபவர்களுக்காக: ராஸ்பெரி பை 4 (ஒற்றைப் போர்டில் அடங்கும் சிறு கணினி), லினக்ஸ் வகையான டெபியன் 12 வழி வந்த ராஸ்பெரி பை ஓஎஸ், நீலநிற யூஎஸ்பி 3 போர்ட்டில் வெளி எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்). பெரிய கோப்பை நகலெடுக்கத் தொடங்கினால் வைஃபை அறுந்துவிடும்.

மின்சாரம் போதவில்லை என்றுதான் பலரும் சொன்னீர்கள். அடாப்டர் 5.1 வோல்ட், 3 ஆம்பியர். கர்னல் பதிவிலும் (ஓஎஸ்ஸின் மையப்பகுதி எழுதும் குறிப்புகள்) மின்னழுத்த எச்சரிக்கை இல்லை. போர்டின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தும் பலனில்லை.

கைகொடுத்தது "ரேடியோ இரைச்சலைப் பாருங்கள்" என்ற பதில். யூஎஸ்பி 3-இல் தரவு ஓடும்போது, வைஃபையும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் கிளம்பும். இன்டெல் 2012-லேயே இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. சோதனைக்காக எஸ்எஸ்டியைக் கறுப்பு யூஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றினேன், வைஃபை அசையவே இல்லை. ஆனால் வேகம் படுத்துவிட்டது. அதற்கு எஸ்எஸ்டி எதற்கு? அப்புறம் நீல போர்ட்டுக்கே திரும்பி, வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. இரவு முழுக்க பேக்கப் ஓடியும் இணைப்பு அறுபடவில்லை.

எதிர்பாராத ஒன்று: 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் முதலில் பட்டியலிலேயே வரவில்லை. நண்பர் தந்த ஓஎஸ் படிமத்தில் (தயார் நகலில்) வைஃபைக்கான நாடு அமைப்பு வேறாக இருந்தது. எந்தச் சேனல்கள் திறக்கும் என்பதை அந்த அமைப்புதான் தீர்மானிக்கிறது. ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் இந்தியா என்று மாற்றி ரீபூட் செய்ததும் தெரிந்தது.

ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இல்லாதவர்கள் எஸ்எஸ்டியை நீட்டிப்பு கேபிளில் போர்டிலிருந்து தள்ளி வைத்துப் பார்க்கலாம். எனக்கு அதில் அறுபடுவது குறைந்தது, முழுதாக நிற்கவில்லை.